இடப்பக்கம் ஒரு சாண்

1973 ஜனவரி 8, திங்கள்

காலை பத்து மணிக்கு வண்டியைப் பார்வையிட்டேன். முன் இடது சக்கரத்தின் விளிம்பில் மறுபடியும் ஒரு சிராய்ப்பு. மூன்று அங்குல நீளம். தீபாவளிக்குப் பிறகு இது நான்காவது.

டிரைவர் வேம்புலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தான். "பிளாட்பாரத்துல லேசா ஒரசிக்கிச்சும்மா" என்றான்.

"யார் உரசினது?"

தலையைச் சொறிந்தான்.

உரசிக்கொண்டதாம். மாடு முதுகு தேய்ப்பதுபோல் சக்கரம் தானாகப் போய்க் கல்லில் தேய்த்துக்கொண்டதா?

எல்லா வண்டிக்கும் இருப்பதுபோல் இரும்புச் சக்கரமாக இருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன். இந்த நான்கும் என் கணவர், அவர் கையால் வார்த்தவை. 1967-ல் சோழவரத்தில் கார்ப் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவர், ஒரு மாதம் உட்கார்ந்து மரத்தில் அச்சு செதுக்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் பட்டறையிலேயே அலுமினியக் கலவையை உருக்கி ஊற்றினார். ஆறு ஊற்றினார். இரண்டில் காற்றுப் புரை இருக்கிறதென்று அவரே சம்மட்டி எடுத்து உடைத்தார். மிச்சம் நான்கு. உட்பக்கம் ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கிறார். முன் இடது, மூன்றாம் நம்பர். இரண்டு வருஷம் ஓட்டினார், ஒரு கீறல் இல்லை. பிறகு அவர் இல்லை.

ஓரக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும் என்பார். எத்தனை தடவை வேம்புலியிடமே சொல்லியிருக்கிறார்! பத்து வருஷமாக ஓட்டுகிறவனுக்கு ஒரு சாண் தெரியாதா?

ஜனவரி 10, புதன்

பட்டறைக்குப் போனேன். அவர் காலத்துத் தலைமை வார்ப்படக்காரர் மணவாளன்தான் இப்போது எல்லாம் பார்த்துக்கொள்கிறார். புதன்கிழமை கடிதங்களுக்கு நான் பதில் எழுதிக் கொடுப்பேன்.

சக்கரத்தைக் கழற்றி, நெருடலாக நின்ற பிசிறை அரை வட்ட அரத்தால் எடுத்து, உப்புத்தாளை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் துணிச் சக்கரத்தில் மெருகேற்றித் தந்தார். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மணவாளன் முகம் சரியில்லை.

"அம்மா, இது எத்தனை தபா முடியும்? ஒவ்வொரு தபாவும் அரம் கொஞ்சம் தின்னுடும். தின்னது திரும்ப வராது."

"வெல்டிங் வெச்சு நிரப்பிட முடியாதா?"

"விளிம்புல சூடு காட்டினா வலு போயிடும்மா. ஐயா இருந்தா என் கையை ஒடிச்சிடுவாரு. உரசாம பாத்துக்கறதுதான் வைத்தியம்."

உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் வாசலில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்

வேம்புலிக்கு ஞாயிறு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வண்டி என்னுடையது. திருமுல்லைவாயிலிலிருந்து எஸ்டேட் ரோடு மாதர் சங்கத்துக்கு நானே ஓட்டிப் போவேன். 1946-ல் லைசென்ஸ் வாங்கியவள். சங்கத்துப் பெண்கள் இன்னும் வாசலில் வந்து நின்று பார்க்கிறார்கள்.

வழியில் ஒரு சைக்கிள்காரன், எங்கிருந்து முளைத்தானோ, இடப்பக்கமிருந்து குறுக்கே வந்தான். பிரேக் போட்டேன். "இன்னா பாட்டீம்மா, நா கண்ணுக்குத் தெரியலியா?" என்று கத்திவிட்டுப் போனான். மணி அடித்துக்கொண்டு வரக்கூடாதா? ரோட்டில் ஒருவருக்கும் ஒழுங்கு இல்லை.

திரும்பி வந்து வழக்கம்போல இடப்பக்கம் சுவரை ஒட்டி ஷெட்டில் விட்டேன். ராஜம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தது தெரியாமல் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். பத்து வருஷமாக வேலை செய்கிறாள், பூனை மாதிரி வந்து இடது கைப்பக்கம் வைப்பதை மட்டும் விடமாட்டாள்.

ஜனவரி 15, திங்கள்

மாட்டுப் பொங்கல். வரவேண்டாம் என்று சொல்லியும் வேம்புலி ஆறரைக்கே வந்து வண்டியை வெளியே எடுத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். பத்து மணிக்குப் பார்த்தேன். கீறல் இல்லை. மூன்றாம் நம்பரில் ஓரிடம் மட்டும் கூடுதலாக மினுமினுத்தது. நன்றாகத் துடைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பாராட்டினேன்கூட.

திங்கட்கிழமை பத்து மணிப் பார்வை அவர் வைத்த வழக்கம். பட்டறையில் அந்த வாரத்து வார்ப்படமெல்லாம் வரிசையில் நிற்கும். வீட்டு வண்டிக்கும் அதே கிழமை, அதே மணி. நான் மாற்றவில்லை.

ஜனவரி 22, திங்கள்

கீறல் இல்லை. கண்டித்தால் பலன் இருக்கிறது.

ஜனவரி 29, திங்கள்

இதை எழுதித்தான் ஆகவேண்டும்.

பாங்கில் பத்து மணிக்கு இருக்க வேண்டும் என்பதால் பார்வையை எட்டுக்கே வைத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்தால், வேம்புலி முழங்காலிட்டு உட்கார்ந்து மூன்றாம் நம்பரை அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறான்! பக்கத்தில் மஞ்சள் துணியில் சுற்றிய உப்புத்தாள், ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய். கீழே வெள்ளி மாதிரிப் பொடி.

என்னைப் பார்த்ததும் அரத்தைத் துணிக்கடியில் தள்ளினான். அதுதான் தாங்கவில்லை. அந்தத் தள்ளல்.

"எத்தனை நாளா இது?"

"கொஞ்ச நாளாம்மா."

"எனக்குத் தெரியாம தேச்சு மறைச்சிருக்கே."

மண்ணெண்ணெய் டப்பாவை மூடினான்.

"ஏன்னு கேக்கறேன்!"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதாம்மா."

சங்கடமா? என்னுடைய சங்கடத்தைப் பற்றி இவன் என்ன கவலைப்படுவது? கல்லில் இடித்தது ஒரு குற்றம். மன்னித்திருப்பேன். மறைத்தது இரண்டாவது. நான் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியில் மதர் சுப்பீரியர் மைக்கறை பட்ட பெண்ணை நிற்க வைப்பார். கறையைக் கையால் மூடிய பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நான் வேறெப்படி வளர்ந்தேன்?

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றேன். "சரிம்மா" என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது அவனிடம்?

பாங்குக்குப் போகவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

சாவியைக் கொடுக்க வந்தான். வேறு இடத்தில் கேட்பார்கள், ஒரு காயிதம் கொடுங்கள் என்றான். உட்கார வைத்து எழுதினேன். இங்கிலீஷில், கார்பன் வைத்து, நகல் எடுத்துக்கொண்டு. கோபத்தில் எழுதவில்லை. நேரம் தவறாதவன், குடிக்காதவன், கை சுத்தமானவன் என்று எழுதினேன். இடப்பக்கம் கவனம் போதாது, சேதத்தை எஜமானியிடமிருந்து மறைத்தான் என்பதையும் எழுதினேன். இரண்டும் உண்மை. பாதி உண்மை எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

இரண்டு கையாலும் வாங்கினான். இங்கிலீஷ் தெரியாது அவனுக்கு. நான்காக மடித்து லைசென்ஸ் உறைக்குள் வைத்துக்கொண்டான். "ரொம்ப சந்தோஷம்மா" என்றான்.

ஜனவரி 31, புதன்

பட்டறைக்கு நானே ஓட்டிப் போனேன். மணவாளன் தேநீர் சொல்லிவிட்டு, "அம்மா, நம்ம வேம்புலி..." என்று ஆரம்பித்தார்.

"சிபாரிசு என்றால் வேண்டாம், மணவாளன். முடிந்த விஷயம்."

வாயை மூடிக்கொண்டார். தேநீரில் சர்க்கரை அதிகம்.

பிப்ரவரி 7, புதன்

நான்கு சக்கரத்தையும் கழற்றி முழுதாகச் சுத்தம் செய்தாகிவிட்டது. மூன்றாம் நம்பரை மட்டும் மணவாளன் தனியே சோதித்தார். மண்ணெண்ணெய் தடவி, அரை மணி கழித்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினார். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து பொடியில் கோடு போடுமாம். கோடு இல்லை. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

இனி இது என் கையில் மட்டும். கீறல் விழ வழியே இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மூன்றாம் நம்பரில் கீறல்.

ஷெட் சுவராக இருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. ஒரு உதிர்வு இல்லை. சங்கத்து வாசலில் வேறு வண்டிக்காரன் எவனாவது வந்து இடித்திருப்பான்.

சக்கரத்தின் விளிம்பில் மட்டும் எப்படி இடிப்பான்?

பிப்ரவரி 26, திங்கள்

இன்னொன்று. முந்தியதைவிட ஆழம்.

சங்கத்து வாசலில் ஓரக்கல்லுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிச் செயலாளர் என்ற முறையில் சுற்றறிக்கை போட்டேன். கருங்கல்லும் கருப்பு ரோடும் ஒன்றாகத் தெரிந்தால் யாருக்குத்தான் தூரம் தெரியும்.

மார்ச் 7, புதன்

மணவாளனிடம் கீறல்களைக் காட்டினேன். வேறொருவர் இடித்திருக்கலாம் என்றேன். அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, ஒண்ணு பண்ணித் தரட்டுமா? வெளிநாட்டு வண்டிங்கள்ல பாத்திருக்கேன்."

இடப்பக்கம் அடியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் கம்பி இரண்டு மாட்டினார். பூனை மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் கல்லைத் தொடும் முன்னாலேயே கம்பி தொட்டுக் 'கிர்ர்' என்று சத்தம் போடும். கேட்டவுடன் ஸ்டீரிங்கை ஒடித்துவிட வேண்டும். காற்றும் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், டயர் தொய்ந்தால் கல்லுக்கு முதலில் அகப்படுவது விளிம்புதானாம். கல்லை ஒட்டி வளைந்து திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கி ஏறும், அதனால் தாண்டிப்போய்த் திருப்பவேண்டும் என்றார். எனக்குத் தெரியாததா? கேட்டுக்கொண்டேன்.

"சத்தம் பொய் சொல்லாதும்மா" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. ஏன் அதைச் சொன்னார் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

சங்கத்து வாசல். வெள்ளையடித்த கல். நல்ல வெயில். ஒரு சாண் இடம் விட்டு நிறுத்தப்போனேன். சத்தியமாக ஒரு சாண். அப்போது கிர்ர் என்றது.

கம்பி வளைந்திருக்கிறது, மணவாளன் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் முன்னால் போனேன். கிர்ர் என்று ஆரம்பித்து, 'கரக்' என்று முடிந்தது. அந்த இரண்டாவது சத்தம் கம்பியினுடையது அல்ல. அலுமினியம் கல்லில் மாட்டுகிற சத்தம். ஸ்டீரிங் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது.

இறங்கிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். டயர் கல்லோடு ஒட்டியிருந்தது. ஒரு சாண் அல்ல, ஒரு விரல் நுழையாது.

சங்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். "உள்ள வாங்க மேடம், நேரமாச்சு" என்றார்கள். ஒருத்திகூடச் சக்கரத்தைப் பார்க்கவில்லை. ஒருத்திகூட ஆச்சரியப்படவும் இல்லை. அது எப்படி?

மார்ச் 12, திங்கள்

ராஜம்மாவைக் கூப்பிட்டு வீட்டுக்கு முன்னால் செங்கல்லை வரிசையாக வைக்கச் சொன்னேன். கல்லை ஒட்டி ஒரு சாண் விட்டு நிறுத்துவது. ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நான் நினைத்த இடத்தை நானே சொல்லிவிட்டு இறங்கிப் பார்த்தேன். இரண்டு தடவை இடித்துவிட்டேன். ஒரு தடவை ஒரு கஜம் தள்ளி நின்றது. மற்ற இரண்டும் ஒட்டி. ஒரு சாண் ஒருதடவையும் இல்லை.

ஆறாவது தடவைக்கு ஏறி உட்கார்ந்து, "ராஜம்மா, எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று கத்தினேன்.

"அம்மா! இங்கதானே கீறேன். இம்மாந் நேரமா உங்க பக்கத்துலயே நின்னுகினு கீறேன், பாக்கவே மாட்டேன்றீங்களே?"

இடது ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

செங்கல்லை எடுத்துவிடச் சொன்னேன்.

மார்ச் 20, செவ்வாய்

டவுனில் கண் டாக்டர். சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். ஓர் அட்டையால் என் கண்ணை மூடிவிட்டு, எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"ரெண்டு கண்ணையும் மூடிட்டுக் கேட்டா எப்படித் தெரியும்?" என்றேன்.

டாக்டர் என் கையைப் பிடித்து அந்த அட்டையைத் தொடவைத்தார். வலது கண்மேல் மட்டும்தான் இருந்தது.

கண்ணுக்குள் நீரழுத்தமாம். வலியில்லாமல், சொல்லாமல் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னுமாம். தின்றது திரும்பாது. மணவாளன் அரத்தைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. வலது கண்ணைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றலாம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார். வலது கண் இரண்டு பேர் வேலையைப் பார்த்ததால் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும் என்றார்.

"வண்டி ஓட்டறீங்களாம்மா?"

"ஓட்டினேன்" என்றேன்.

மார்ச் 21, புதன்

ஆட்டோவில் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்கு ஆளனுப்பி வண்டியை எடுத்துவரச் சொன்னேன். மணவாளன் மூன்றாம் நம்பரைக் கழற்றி மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் போட்டார். வெள்ளைப் பொடியில் மெதுவாக ஒரு கோடு கசிந்தது. தலைமுடி மாதிரி. விளிம்பிலிருந்து உள்ளே ஓர் அங்குலம். அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்து வாசலில் நான் கேட்ட 'கரக்'.

"வேம்புலிக்கு அந்த அரம் எங்கிருந்து கிடைச்சது, மணவாளன்?"

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நான் குடுத்ததுதாம்மா. பல வாரம் திங்கக்கெழமை காலைல வண்டியை வெளிய எடுத்தா புதுசா ஒண்ணு இருக்குமாம். ஞாயித்துக்கெழமை விழுந்தது. நாலு தபா அப்படியே விட்டு உங்ககிட்ட பேச்சு வாங்கினான். அப்பறம் எங்கிட்ட வந்து, அண்ணாத்தே, அம்மா வெளிய வர்றதுக்குள்ள நானே சரி பண்ணிடறேன், எப்பிடின்னு சொல்லிக் குடுன்னு கேட்டான்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்ல வந்தேன்மா."

வந்தார். ஆமாம். தேநீரில் சர்க்கரை அதிகம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்குப் பார்வை. அதே பத்து மணிக்கு, அதே திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இரவே டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஷெட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால்! என்னை நான் ஏன் பார்வையிடவில்லை? அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தோன்றவில்லையே. என்ன பெரிய நியாயஸ்தி நீ, தாட்சாயிணி.

மார்ச் 28, புதன்

வேம்புலியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 4, புதன்

போகவில்லை. கண்ணுக்கு மருந்து போட்டால் அரை மணி மங்கலாக இருக்கிறது.

ஏப்ரல் 13, வெள்ளி. தமிழ் வருஷப்பிறப்பு

மருந்து ஒரு சாக்கு. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதுதான் உண்மை. ஆயுள் முழுவதும் மற்றவர்களை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறேன். எப்படிக் கேட்பதென்று ஒருவரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

இந்நேரம் அவனுக்கு வேறு வேலை கிடைத்திருக்கும். நல்ல டிரைவர்.

மே 9, புதன்

கிடைக்கவில்லை.

பிற்பகலில் ராஜம்மா வந்து, யாரோ ஒரு பெண் வந்திருக்கிறாள் என்றாள். வேம்புலியின் மனைவி நாகவல்லி. பட்டாபிராமிலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முந்தானையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். நான்காக மடித்தது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"அம்மா, இதுல இன்னா எழுதிக்கீறீங்கோ?"

காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"எட்டு எடத்துல காட்டிக்கீறாரும்மா. வண்டி ஓட்டிக் காட்டுன்றாங்கோ, ஓட்றாரு. நல்லா ஓட்றேப்பான்றாங்கோ. அப்பால காயிதம் கீதான்னு கேக்கறாங்கோ. இவரு பெருமையா எடுத்துக் குடுக்கறாரு, எங்கம்மா கைப்பட எழுதினதுன்னு. படிச்சிட்டு மடிச்சிக் குடுத்துட்டு, சொல்லி அனுப்பறோம்ன்றாங்கோ. ஒர்த்தன்கூட சொல்லி அனுப்பல. இப்ப கோணி மூட்டை தூக்கறாரு, ரயில் கூட்ஸ் சைடிங்ல. முதுகு போச்சு. நா வந்தது அவருக்குத் தெரியாது. எங்கம்மா தப்பா எழுதமாட்டாங்கன்னு என்னியவே அடக்கறாரு. நீங்களே படிச்சி சொல்லுங்கோ. தமிழ்ல."

படிக்காமல் விட்டிருக்கலாம். நல்ல வரிகளை மட்டும் படித்திருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வரி வரியாக, தமிழில். நேரம் தவறாதவன். குடிக்காதவன். கை சுத்தமானவன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, 'இடப்பக்கம் கவனம் போதாது.' தலையாட்டல் நின்றது. பிறகு, 'சேதத்தை மறைத்தான்.' அந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் எவ்வளவு நாகரிகமான சொல் தேடிப் போட்டிருக்கிறேன்! தமிழில் சொன்னபோது அது வெறும் திருட்டு மாதிரி இருந்தது.

"அது பொய்" என்றேன். "இடிச்சது நான். எனக்கு இந்தக் கண்ணு தெரியலை. அவன் மறைச்சது என் தப்பை."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?"

"மார்ச் மாசம்."

"ரெண்டு மாசமா?" என்றாள். ராஜம்மா கொண்டுவந்த மோரைத் தொடாமல் போய்விட்டாள்.

மே 10, வியாழன்

ரயிலில் பட்டாபிராம் போனேன். ராஜம்மா கூட வந்தாள், படிக்கட்டு தெரியவேண்டுமே. கூரை வீடு, வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. வேம்புலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தோளில் கோணி. என்னைப் பார்த்ததும் அதைப் பின்னால் போட்டான்.

"இன்னாம்மா, இம்மாந் தூரம்? சொல்லி அனுப்பிச்சிருந்தா நா வந்திருப்பேனே."

ஒரே பலகை இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தார்கள். ரயிலில் பாடம் செய்துகொண்டு போன வாக்கியமெல்லாம் போய்விட்டது.

"வேம்புலி, நான் உனக்குப் பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"வுடுங்கம்மா."

"விடமாட்டேன். அன்னைக்கு ஏன் சொல்லலை நீ? நீங்கதாம்மா இடிச்சீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் சிரித்தான். நக்கல் இல்லை.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாம்மா?"

இல்லை. நம்பியிருக்கமாட்டேன். பொய்யும் சொல்கிறான் என்று இன்னொரு வரி அந்தக் கடிதத்தில் சேர்த்திருப்பேன்.

வேலைக்குத் திரும்பி வா என்றேன். நாகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் காலால் தரையைத் தேய்த்தான்.

"வாணாம்மா. உங்க மேல கோவம் இல்ல. ஆனா ஒவ்வொரு திங்கக்கெழமையும் பத்து மணி வரிக்கும் உசுரு எங்கிட்ட இருக்காது. அது இனிமே போவாதும்மா."

அவ்வளவு பயத்தோடா பத்து வருஷம் என் வாசலில் நின்றான்? நான் அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"காயிதம் மாத்திக் குடுங்கம்மா. நடந்தத எழுதுங்க, போதும்."

அங்கேயே, மடியில் வைத்து எழுதினேன். தமிழில். நகல் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது:

'திரு. வேம்புலி அவர்கள் எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகள் கார் ஓட்டினார். அவர் ஓட்டியபோது வண்டியில் ஒரு கீறலும் விழவில்லை. விழுந்த கீறல்கள் எல்லாம், என் பார்வை பழுதானது தெரியாமல், நான் ஓட்டியபோது விழுந்தவை. அவற்றின் பழியை அவர்மேல் போட்டு, ஜனவரி 30-ல் ஒரு தவறான கடிதம் கொடுத்தேன். அதை எங்கேயாவது படித்தவர்கள் இதையும் படிக்கவேண்டும்.'

கையெழுத்துப் போட்டு, வீட்டு விலாசமும் எழுதினேன்.

வாசற்படியில் நின்று அவனே வாய்விட்டுப் படித்தான், எழுத்துக் கூட்டி, மெதுவாக. பக்கத்து வீட்டுப் பெண்கள் குடத்தோடு நின்று கேட்டார்கள். 'என் பார்வை பழுதானது' என்ற இடத்தில் நிறுத்தினான். "இது வாணாமேம்மா" என்றான்.

"படி" என்றேன்.

படித்து முடித்ததும் நாகவல்லி வந்து எட்டிப் பார்த்தாள். "திருன்னு போட்டுக்கீறாங்க" என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பாமலே ஒரு சொம்பு தண்ணீரை எனக்கு வலப்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தாள்.

மே 16, புதன்

வண்டியைப் பட்டறைக்கே விட்டுவிட்டேன். இரும்புச் சக்கரம் மாட்டி ஓட்டிக்கொள்ளட்டும். மூன்றாம் நம்பரை உருக்கி, ஐயா வைத்த அச்சிலேயே புதிதாக ஊற்றித் தரட்டுமா என்று மணவாளன் கேட்டார். ஐயா இருந்தால் வெடித்ததை என்ன செய்வார் என்று கேட்டேன்.

"சம்மட்டி எடுப்பாரும்மா."

எடுக்கச் சொன்னேன். நான்கு அடி. நின்று பார்த்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

மாதர் சங்கத்துக்குப் பஸ்ஸில் போனேன். செயலாளர் பொறுப்பை வரலட்சுமியிடம் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்திருக்கிறது, எல்லோருக்கும். என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

வேம்புலியிடமிருந்து தகவல் இல்லை.

ஆகஸ்ட் 29, புதன்

பட்டறையில் கடிதங்களை முடித்துவிட்டு எஸ்டேட் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். நாற்பது நிமிஷம். இப்போதெல்லாம் ஓரக்கல்மேல் நிற்கும்போது இடது காலால் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

சாம்பல் நிற வேன் ஒன்று வந்து எனக்கு முன்னால் நின்றது. பக்கத்தில் ஏதோ தொழிற்சாலையின் பெயர். காக்கிச் சட்டை.

"அம்மா! ஏறுங்கம்மா. முல்லைவாயில் வழியாத்தான் போறேன்."

வேம்புலி. ஜூலையிலிருந்து இங்கேதானாம். மானேஜர் காயிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, இந்த அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டாராம். சொல்லிச் சிரித்தான்.

முகத்தை முழுதாகத் திருப்பி, நல்ல கண்ணால் கீழே பார்த்தேன். சக்கரம். கல். நடுவில் ரோடு. வெகு நாளைய பழக்கம், கையை நீட்டிக்கொண்டு குனிந்தேன்.

"அம்மா, பின்னாடி பஸ்ஸு வந்துகினு கீது. ஆரன் அடிச்சே கொன்னுடுவான்."

அளக்கவில்லை. ஏறிக்கொண்டேன்.